பழைய மேற்கத்தியச் செவ்வியல் ஒலிப்பதிவுகள்: மறுவெளியீடுகளைத் தேர்ந்து சேர்ப்பது எப்படி

பழைய ஒலிப்பதிவு ஒன்றின் மறுவெளியீட்டை வாங்கும்போது இருவருடைய உழைப்பை வாங்குகிறோம். ஒருவர் பாடியவர் அல்லது வாசித்தவர். மற்றவர், பல பத்தாண்டுகள் கழித்து அந்தத் தட்டைத் தேடிப் பிடித்து, கழுவி, சரியான வேகத்தில் சுழற்றி, அதன் ஒலியை நாடாவுக்கோ கணினிக்கோ மாற்றியவர். முதலாமவரின் பெயர் அட்டையில் பெரிதாக இருக்கும். இரண்டாமவரின் பெயர் பின்னட்டையின் கீழே பொடி எழுத்தில் இருக்கும், சில வெளியீடுகளில் இருக்கவே இருக்காது. சேகரிப்பைத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை, அந்தப் பொடி எழுத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள் என்பதுதான். பழைய பதிவுகள் "ஒரே இரைச்சல், கேட்க முடியவில்லை" என்று ஒதுக்கிவிடுபவர்களில் பலர் உண்மையில் கேட்டது மோசமான ஒலிமாற்றத்தைத்தான்.

இதை நேரில் உணர ஒரே பதிவை இரண்டு மூன்று வெளியீடுகளில் கேட்டுப் பார்க்க வேண்டும். அதற்குப் பாப்லோ கசால்ஸ் வாசித்த பாக்கின் ஆறு செல்லோ தொகுதிகளைவிடப் பொருத்தமான பதிவு கிடையாது. இரண்டாவது, மூன்றாவது தொகுதிகளை 1936 நவம்பரில் லண்டன் அபே ரோடு அரங்கிலும், மற்ற நான்கையும் 1938, 1939 ஆண்டுகளில் பாரிஸிலும் பதிவுசெய்தார்கள். இப்பதிவு இ.எம்.ஐ.யின் ரெஃபரான்ஸ் வரிசையிலும், இங்கிலாந்தின் பேர்ல் நிறுவனத்திலும், நாக்ஸோஸின் வரலாற்று வரிசையில் வார்ட் மார்ஸ்டனின் ஒலிமாற்றத்திலும், ஜப்பானின் ஓபஸ் குராவிலும் தனித்தனியாக வந்திருக்கிறது. ஓபஸ் குரா அரக்குத் தட்டின் இரைச்சலை ஏறக்குறைய அப்படியே விட்டுவைக்கிறது. முதல் நிமிடம் அந்த இரைச்சல் காதை உறுத்தும். பிறகு வில் தந்தியைக் கவ்வும் உரசலும், இடது கை விரல் தந்தியில் இறங்கும் மெல்லிய தட்டலும் முன்னால் வந்து நிற்கும். ரெஃபரான்ஸ் வெளியீட்டில் இரைச்சல் வெகுவாகக் குறைந்திருக்கிறது, செல்லோவின் ஒலி உருண்டு திரண்டிருக்கிறது. ஆனால் அந்த உரசலில் பாதி போய்விட்டது. மார்ஸ்டன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். முதல் தொகுதியின் முன்னிசையை மட்டும் இம்மூன்றிலும் அடுத்தடுத்துக் கேட்டால் போதும், இனி எதைத் தேடி வாங்க வேண்டும் என்பதில் உங்களுக்கென்று ஒரு கருத்து உருவாகிவிடும். என் கருத்து, புதிதாகத் தொடங்குபவருக்கு மார்ஸ்டன், ஆழ்ந்து கேட்பவருக்கு ஓபஸ் குரா.

மூலம் எது என்று கேளுங்கள்

1925 வரை மைக் கிடையாது. பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரு பெரிய குழலின் வாயருகே நெருங்கி நின்று பாட, வாசிக்க, அந்த அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் தடம் வெட்டியது. டபுள் பாஸின் நாதத்தை அந்தக் குழல் பிடிக்காது என்பதால் அவ்விடத்தில் டியூபாவை ஊதவைத்த பதிவுகள் உண்டு. 1925இல் மைக்கும் மின்முறைப் பதிவும் வந்தன. 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் நான்கு அல்லது நாலரை நிமிடமே அடங்கும் என்ற நிலை 1948இல் நீண்ட நேரம் ஓடும் எல்பி தட்டு வரும்வரை தொடர்ந்தது. காந்த நாடாவை ஜெர்மானிய வானொலி நிலையங்கள் போர்க்காலத்திலேயே பயன்படுத்தின. மற்ற நாடுகளின் ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு அது போருக்குப் பிறகே வந்தது. எனவே கையிலிருக்கும் மறுவெளியீடு குழல் காலத்துத் தட்டிலிருந்து வந்ததா, மின்முறைத் தட்டிலிருந்து வந்ததா, நாடாவிலிருந்து வந்ததா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். எதிர்பார்ப்பு, கேட்கும் முறை, கொடுக்கத் தகுந்த விலை எல்லாம் அதைப் பொறுத்தவை.

தட்டிலிருந்து வந்தது என்றால் அடுத்த கேள்வி, எந்த நாட்டில் அச்சான தட்டு என்பது. ஒரே உலோக அச்சிலிருந்து இங்கிலாந்தில் ஒரு தட்டும் அமெரிக்காவில் ஒரு தட்டும் அச்சாகியிருக்கும். அரக்கோடு கல்தூளைச் சேர்த்து வார்த்த ஆங்கில எச்.எம்.வி. தட்டுகளில் விடாத பொரிச்சல் கேட்கும். (அந்த அரக்கில் பெரும்பகுதி இந்தியக் காடுகளிலிருந்து போனது.) அமெரிக்க விக்டர் நிறுவனம் 1930களில் வார்த்த, சேகரிப்பாளர்கள் 'இசட்' அச்சு என்று குறிப்பிடும் தட்டுகளும், அமெரிக்கக் கொலம்பியாவின் அடுக்குத் தட்டுகளும் மிக அமைதியானவை. அதனால்தான் மார்க் ஓபர்ட்-தார்ன் போன்ற ஒலிமாற்றக் கலைஞர்கள் லண்டனில் பதிவான இசைக்குக்கூட அமெரிக்க அச்சைத் தேடுகிறார்கள். இவற்றுக்கும் மேலான மூலம், பழைய உலோக அச்சு அழியாமல் இருந்து, அதிலிருந்து புதிதாக வினைலில் எடுத்த படி. தகட்டோடு வரும் கையேட்டில் "உலோக அச்சிலிருந்து எடுத்த வினைல் படி" என்று ஒரு வரி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் விலை கூடுதலாக இருந்தாலும் தயங்க வேண்டாம்.

நல்ல நிறுவனத்தின் கையேட்டில் ஒலிமாற்றம் செய்தவரின் பெயர், அவர் பயன்படுத்திய தட்டுகள், பதிவான நாள், இடம், மேட்ரிக்ஸ் எண், டேக் எண் ஆகியவை இருக்கும். மேட்ரிக்ஸ் எண் என்பது தட்டின் நடுவிலுள்ள மழமழப்பான வளையத்தில் பொறித்திருக்கும் அடையாளம். 1930களின் நடுப்பகுதியில் எச்.எம்.வி. லண்டனில் எடுத்த 12 அங்குலப் பதிவுகளில் அது '2ஈஏ' என்று தொடங்கும், 10 அங்குலத்தில் '0ஈஏ' என்று தொடங்கும், கடைசியில் வருவது எத்தனையாவது டேக் என்பதைக் காட்டும். இரண்டு வெளியீடுகள் வெவ்வேறு டேக்குகளைப் பயன்படுத்தியிருந்தால் இரண்டும் இரண்டு வாசிப்புகள் என்றே பொருள். இரண்டையும் வைத்துக்கொள்ள அது நியாயமான காரணம். சந்தேகம் வந்தால் அமெரிக்காவின் சாண்டா பார்பரா பல்கலைக்கழகம் இணையத்தில் நடத்தும் ஒலிப்பதிவுப் பட்டியலிலும், இங்கிலாந்தில் சார்ம் என்ற ஆய்வுத் திட்டம் தொகுத்த பட்டியலிலும் எண்ணைத் தேடிச் சரிபார்க்கலாம்.

ஒலிமாற்றம் செய்தவரின் பெயரும் மூலத்தின் விவரமும் அறவே இல்லாத மலிவு வெளியீடுகளைத் தவிர்த்துவிடுவது நல்லது. அவற்றுள் சில, வேறொருவர் உழைத்துச் செய்த ஒலிமாற்றத்தை நகலெடுத்து, அதன் மேல் கொஞ்சம் எதிரொலியைப் பூசி விற்பவை.

சுருதியைச் சோதியுங்கள்

"78 சுழற்சித் தட்டு" என்ற பெயரை நம்பி ஏமாறக் கூடாது. குழல் காலத்துத் தட்டுகள் நிமிடத்துக்கு 70 சுழற்சியை ஒட்டியும் பதிவாகியிருக்கின்றன, 80க்கு மேலும் பதிவாகியிருக்கின்றன. 73.6 சுழற்சியில் பதிவான தட்டை 78இல் ஓட்டினால் இசை சரியாக ஒரு அரைச்சுரம் ஏறிவிடும்; நம் கணக்கில் சொன்னால் அரைக் கட்டை. சுருதி மட்டுமா ஏறுகிறது? காலப்பிரமாணம் விரைகிறது, அதைவிடக் கெடுதலாக, குரலின் குணமே மாறிவிடுகிறது. கனத்த ஆண்குரல் மெலிந்து ஆட்டின் குரல்போல நடுங்கும். பழைய பாடகர்கள் எல்லோருமே அப்படித்தான் பாடினார்கள் என்ற தப்பெண்ணம் பரவியதற்கு இந்த வேகப் பிழை ஒரு பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

தம்புராவோடு பழகிய காதுக்கு இந்தச் சோதனை எளிது. கைப்பேசியில் சுருதி காட்டும் செயலி ஒன்று இருந்தால் போதும். இசைப்பகுதி எந்த ஸ்தானத்தில் (சி மேஜர், டி மைனர் என்பதுபோல) எழுதப்பட்டது என்பது பெரும்பாலும் தலைப்பிலேயே இருக்கும். அதில் நீண்டு நிற்கும் ஒரு சுரத்தையோ, பியானோவின் முடிவு நாதத்தையோ பிடித்து அளந்து பாருங்கள். மேற்கத்திய இசையில் சுருதி சேர்க்க அளவாகக் கொள்ளும் ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ் என்பதை மட்டும் வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். பிரான்ஸில் 1859இல் அரசே 435 என்று நிர்ணயித்திருந்தது. வியன்னாவில் வழக்கமாகவே சற்று மேலே வைப்பார்கள். எனவே சில ஹெர்ட்ஸ் வேறுபாட்டைக் குறையென்று எண்ண வேண்டியதில்லை. கால் சுரத்துக்கு மேல் விலகினால்தான் சந்தேகப்பட வேண்டும். பாடகர்களின் தட்டுகளில் இன்னொரு சிக்கல் உண்டு: தம் வசதிக்காக அரைச்சுரமோ முழுச்சுரமோ இறக்கிப் பாடுவது அன்று சாதாரணம். அங்கே செயலி உதவாது. உயிரெழுத்துகள் இயல்பாக ஒலிக்கின்றனவா, குரலின் அசைவு மனிதத் தொண்டையின் வேகத்தில் இருக்கிறதா என்று காதால்தான் முடிவுசெய்ய வேண்டும்.

நாடாப் பதிவுகளிலும் இந்தப் பிழை வரும். ஜெர்மானிய இசைநடத்துனர் ஃபுர்ட்வெங்லர் 1944 டிசம்பரில் வியன்னாவில் நடத்திய பீத்தோவனின் மூன்றாம் சிம்பொனியை அமெரிக்காவின் யுரேனியா நிறுவனம் 1953இல் எல்பியாக வெளியிட்டபோது சுருதி தெளிவாக ஏறியிருந்தது. அந்த வெளியீட்டை எதிர்த்து ஃபுர்ட்வெங்லர் வழக்குத் தொடுத்தார். அந்த எல்பியிலிருந்து நகலெடுத்த பிற்கால வெளியீடுகள் பிழையையும் சேர்த்தே நகலெடுத்தன. ஆகவே இப்பதிவை வாங்கும்போது சுருதி திருத்தப்பட்டது என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

நீண்ட சுரம் ஒன்று தட்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறி இறங்கி அலைந்தால், தட்டின் துளை மையத்தில் இல்லாமலே ஒலிமாற்றம் செய்துவிட்டார்கள் என்று பொருள். பியானோவில் இது உடனே தெரிந்துவிடும். கவனமில்லாத வேலைக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை.

இரைச்சலும் மௌனமும்

இரைச்சலே இல்லாத மறுவெளியீடு சிறந்தது என்று நினைப்பது இயல்பு. நடைமுறையில் பெரும்பாலும் அது நேர்மாறாகவே இருக்கிறது. பொரிச்சலையும் வெடிப்பொலியையும் தனித்தனியாக நீக்க இன்றைய மென்பொருள்களால் முடியும், அதனால் இசைக்கு அதிகச் சேதம் வருவதில்லை. தொடர்ந்து ஓடும் சீறலை நீக்குவதுதான் ஆபத்து. அந்தச் சீறல் இருக்கும் அதே உயர்ந்த அதிர்வெண்களில்தான் வயலினின் பளபளப்பும், பாடகரின் மெய்யெழுத்துகளும், அரங்கின் காற்றும் இருக்கின்றன.

ஹெட்போன் அணிந்து மூன்று இடங்களைக் கேளுங்கள். பியானோ சுரம் ஒன்று ஒலித்துத் தேய்ந்து மறையும் கடைசி நொடியில் ஒலி தானாக அடங்குகிறதா, யாரோ துண்டித்ததுபோல நின்றுவிடுகிறதா? வாத்தியங்கள் எல்லாம் நிறுத்தும் இடைவெளியில் அரங்கம் இருக்கிறதா, வெறும் பாழாக இருக்கிறதா? மெல்லிய பகுதிகளில், நீருக்கடியிலிருந்து வருவதுபோல ஒரு குளறல் கேட்கிறதா? மூன்றாவது கேட்டால் அந்த வெளியீட்டை நான் வாங்கமாட்டேன், யார் வாசித்திருந்தாலும் சரி. இரைச்சலோடு வரும் இசையைக் காது சில நிமிடங்களில் பிரித்துக் கேட்கக் கற்றுக்கொள்ளும். அழித்துவிட்ட இசையை எந்தக் காதாலும் மீட்க முடியாது.

இங்கே பிரான்ஸிலிருந்து ஆண்ட்ரூ ரோஸ் நடத்தும் பிரிஸ்டின் நிறுவனத்தைத் தனியே குறிப்பிட வேண்டும். அதே இசையின் நவீனப் பதிவை அளவுகோலாக வைத்துப் பழைய பதிவின் ஒலிச் சமநிலையைத் திருத்துவது அவருடைய முறை. சில வாத்தியக்குழுப் பதிவுகள் இதனால் வியக்கத்தக்க நிறைவு பெற்றிருக்கின்றன. வேறு சிலவற்றில் திருத்தியவரின் கை தூக்கலாகத் தெரிகிறது. என்ன செய்தேன் என்பதை அவர் வெளிப்படையாக எழுதிவிடுவது பாராட்டத் தக்கது. ஒரு பதிவுக்கு இதை இரண்டாவது பிரதியாக வாங்குவதை நான் பரிந்துரைக்கிறேன், ஒரே பிரதியாக அல்ல.

எல்பியில் சேகரிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1960களில் ஸ்டீரியோ மோகம் உச்சத்தில் இருந்தபோது பல நிறுவனங்கள் மோனோப் பதிவுகளை மின்னணு முறையில் இரண்டாகப் பிரித்துப் போலி ஸ்டீரியோவாக வெளியிட்டன. தாழ்ந்த சுரங்கள் ஒரு பக்கமும் உயர்ந்த சுரங்கள் மறுபக்கமும் ஒதுங்கி, நடுவில் வெற்றிடம் நிற்கும். அட்டையில் "மின்னணு முறையில் ஸ்டீரியோவாக மாற்றப்பட்டது" என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். பழைய தட்டுக் கடைகளில் கிடைக்கும், கல்கத்தாவை அடுத்த டம் டம் ஆலையில் அச்சான எச்.எம்.வி. எல்பிகளையும் இதே வரியைத் தேடிப் பார்த்து வாங்குவது நல்லது.

தட்டுப் பக்கங்களை ஒட்டிய இடங்களையும் கவனிக்க வேண்டும். பியானோ கலைஞர் ஷ்னாபெல் 1932 முதல் 1935 வரை பீத்தோவனின் 32 பியானோ சொனாட்டாக்களையும் பதிவுசெய்தார். முழுத் தொகுதியும் ஒலிப்பதிவானது அதுவே முதல் முறை. முன்பணம் கட்டிய சந்தாதாரர்களுக்காக எச்.எம்.வி. வெளியிட்ட தொகுதி அது. அவற்றுள் ஓபஸ் 106 என்ற எண் கொண்ட சொனாட்டாவின் மெதுவான பகுதி பல பக்கங்களில் பரவியிருக்கிறது. நல்ல ஒலிமாற்றத்தில் பக்கம் மாறும் இடத்தில் சுருதியோ இரைச்சலின் அளவோ மாறாது. மோசமான ஒலிமாற்றத்தில் அங்கே இசை ஒரு படி தடுக்கி விழும்.

நேரடி நிகழ்ச்சிகளும் தவறான பெயர்களும்

வானொலி நாடாக்களில் ஒலி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். எது எந்த நாளின் நிகழ்ச்சி என்பதில்தான் குழப்பம். 1951 ஜூலை 29 அன்று ஜெர்மனியின் பைரோய்ட்டில் ஃபுர்ட்வெங்லர் நடத்திய பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியை இ.எம்.ஐ. 1955இல் வெளியிட்டது. பவேரிய வானொலியின் நாடாவிலிருந்து ஓர்ஃபியோ நிறுவனம் பிற்காலத்தில் வெளியிட்ட பதிவு அதிலிருந்து பல இடங்களில் வேறுபட்டதும், இ.எம்.ஐ. வெளியீட்டில் ஒத்திகைப் பகுதிகளும் கலந்திருக்கின்றன என்ற விவாதம் எழுந்தது. 2021இல் பிஸ் நிறுவனம், அன்று ஸ்வீடன் வானொலி பெற்று ஒலிபரப்பியதன் நாடாவை, இடைவெளிகளைக்கூட வெட்டாமல் வெளியிட்டது. ஃபுர்ட்வெங்லரைச் சேகரிப்பவருக்கு இந்த மூன்றும் தனித்தனியே வைத்துக்கொள்ள வேண்டிய வெளியீடுகள்.

இதைவிடப் பெரிய தவறும் நடந்திருக்கிறது. பியானோ கலைஞர் தீனு லிபாட்டி வாசித்த ஷோபனின் முதல் பியானோ கான்செர்ட்டோ என்று இ.எம்.ஐ. வெளியிட்டு, விமரிசகர்கள் போற்றிய பதிவு, உண்மையில் போலந்தின் ஹலீனா செர்னி-ஸ்டெஃபான்ஸ்கா வாசித்தது என்பது 1981இல்தான் தெரியவந்தது. பிறகு லிபாட்டி 1950 பிப்ரவரியில் ஜூரிக்கில் இசைநடத்துனர் ஓட்டோ ஆக்கர்மானுடன் வாசித்த உண்மையான நிகழ்ச்சி வெளியானது. பழைய எல்பி வாங்குபவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

வாங்குவதும் காப்பதும்

ஒரு பெரிய பெட்டித் தொகுப்போடு தொடங்குவதை நான் ஊக்குவிப்பதில்லை. ஒரு கலைஞரை, அவர் வாசித்த ஒரே ஒரு படைப்பை எடுத்துக்கொண்டு, அதன் இரண்டு ஒலிமாற்றங்களை வாங்கி ஒப்பிட்டுக் கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். வெளிநாட்டிலிருந்து குறுந்தகடு வரவழைத்தால் தபால் செலவும் சுங்கமும் தகட்டின் விலையைத் தாண்டிவிடுவதால், பிரிஸ்டின் போன்ற இடங்களில் முழுத் தரத்துடன் தரவிறக்கிக்கொள்வது சிக்கனம். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். நாடு தோறும் விதி மாறும். நாக்ஸோஸின் வரலாற்று வரிசையில் பல தகடுகள் அமெரிக்காவில் விற்பனைக்கு வராததற்கு இந்த வேறுபாடே காரணம்.

பழைய குறுந்தகடு வாங்கினால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். 1980களின் இறுதியிலிருந்து 1990களின் தொடக்கம் வரை இங்கிலாந்தின் பி.டி.ஓ. ஆலையில் அச்சான தகடுகள் பலவற்றில், மேற்பூச்சின் குறையால் உள்ளிருக்கும் உலோகம் அரிபட்டு, விளிம்பிலிருந்து உள்நோக்கி வெண்கல நிறம் படர்கிறது. வரலாற்று மறுவெளியீடுகளில் பேர்ல் நிறுவனத்தின் தகடுகள் பலவும் இந்த ஆலையில் அச்சானவை. தகட்டின் நடு வளையத்தில் 'பி.டி.ஓ.' என்ற எழுத்துகள் இருக்கிறதா என்று பாருங்கள். விளிம்பு வெளிறிய மஞ்சளாக இருக்கும் நிலையில் பெரும்பாலும் முழுவதையும் கணினியில் பிரதி எடுத்துவிடலாம். பழுப்பேறியபின் கடைசித் தடங்களில் கரகரப்பு தொடங்கும், ஏனெனில் குறுந்தகட்டில் ஒலி நடுவிலிருந்து விளிம்பு நோக்கிப் போகிறது. ஆகவே இத்தகைய தகடு கைக்கு வந்த அன்றே, பிழை சரிபார்க்கும் மென்பொருளில், இழப்பில்லாத ஃபிளாக் வடிவில் பிரதி எடுத்து, இரண்டு இடங்களில் சேமித்துவைக்க வேண்டும்.

கோப்புகளுக்குப் பெயரிடும்போது இசையமைப்பாளர், படைப்பு, கலைஞர் ஆகியவற்றோடு பதிவான நாளையும், ஒலிமாற்றியவரின் பெயரையும், வெளியீட்டின் பட்டியல் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். இணையத் தரவுத்தளங்கள் தாமாக நிரப்பும் விவரங்களில் மறுவெளியீட்டின் ஆண்டையே பதிவின் ஆண்டாகப் போட்டுவிடுவது சாதாரணம். அதைக் கையால் திருத்தாவிட்டால் 1936இன் கசால்ஸ் உங்கள் பட்டியலில் 1988இல் போய் உட்கார்ந்துவிடுவார்.

புதிய ஒலிமாற்றம் வந்தது என்பதற்காகப் பழையதை உடனே விற்றுவிட வேண்டாம். இரண்டையும் ஒரே ஒலி அளவில் வைத்துக் கேட்க வேண்டும், ஏனெனில் சற்று உரக்க ஒலிப்பது எப்போதும் மேலானதாகத் தோன்றும். மெல்லிய பகுதி ஒன்று, உரத்த பகுதி ஒன்று, பக்கங்கள் இணையும் இடம் ஒன்று என மூன்று இடங்களைக் குறித்துவைத்துக்கொண்டு, ஒரு வாரம் விட்டு மறுபடியும் அதே இடங்களைக் கேட்டபின் எதை வைத்துக்கொள்வது என்று முடிவுசெய்யலாம்.